பனிமேடையில் ஒரு கூட்டுக் கணக்கு

2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு 7-ஆந் தேதி பாரிஸ் நகரிலே ஒரு விந்தை நிகழ்ந்தது. கோடைக்கால ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்துகொண்டிருந்த சமயம் அது. ஈபெல் கோபுரத்தின் எதிரேயுள்ள திடலில் மக்கள் வெள்ளம். அங்கே மேடையேறிப் பதக்கம் பெற்றவர்களோ ஓட்டக்காரரும் அல்லர், நீச்சல்காரரும் அல்லர். பனித்தளத்தின்மீது சறுக்கியாடுகின்ற அமெரிக்க, ஜப்பானியக் குழுவினர். அவர்கள் ஆடி முடித்தது 2022-ஆம் ஆண்டு பிப்ரவரி 7-ஆந் தேதி, சீனத் தலைநகராகிய பெய்ஜிங்கில். ஆடிய ஆட்டத்துக்குரிய பரிசு கைக்கு வந்துசேர முழுதாக முப்பது மாதங்கள் ஆயின. இந்தத் தாமதம் ஏன் என்று வினவப் புகுந்தோம். அக்கதையே இக்கட்டுரையாயிற்று.

பனிக்கட்டியைச் சர்பத்துக் கடையில் மட்டுமே கண்டு வளர்ந்து, பிழைப்பின் பொருட்டு வடக்கே வந்து குடியேறியவர்கள் நம்மில் பலர். 'பிகர் ஸ்கேட்டிங்' என்னும் இந்தச் சறுக்காட்டம் நமக்குத் தொலைக்காட்சியின் வாயிலாகவே அறிமுகம். 'பிகர்' என்றால் உருவம். முற்காலத்தில் ஆடுபவர் தம் காலணியின் அடியிலுள்ள எஃகுத் தகட்டினால், எட்டு என்னும் இலக்கம் போன்ற வடிவங்களைப் பனியின்மேல் பிசகின்றி வரைந்து காட்ட வேண்டும். நடுவர்கள் குனிந்து அந்தக் கோட்டைச் சோதித்து மதிப்பெண் இடுவார்கள். நம் வீட்டுப் பெண்கள் விடியற்காலையில் இழை தப்பாமல் கோலமிடுவதை ஒத்த வித்தை அது. உலகப் போட்டிகளில் 1990-ஆம் ஆண்டோடு அந்தக் கோலம் கைவிடப்பட்டது; பெயர் மட்டும் நின்றுவிட்டது.

இந்த ஆட்டத்தை நடத்தும் சர்வதேசச் சறுக்கு யூனியன் 1892-ஆம் ஆண்டிலேயே நிறுவப்பெற்றது. எனினும் நெடுங்காலம் இது தனியொருவரின் கலையாகவும், ஓர் ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடும் இணையாட்டமாகவுமே இருந்து வந்தது. நாடு நாடாகக் குழு சேர்த்து மோதும் பந்தயம் ஒலிம்பிக்கில் இடம்பெற்றது 2014-ஆம் ஆண்டில்தான். ருஷியாவின் சோச்சி நகரில்.

அதன் அமைப்பைச் சற்றே விளக்குவோம். பத்து நாடுகள் பங்கு கொள்ளும். ஆண்கள் தனியாட்டம், பெண்கள் தனியாட்டம், ஜோடியாட்டம், ஐஸ் டான்ஸ் என நான்கு பிரிவுகள். ஜோடியாட்டத்தில் ஆண் தன் துணையைத் தலைக்குமேல் தூக்குவான். சுழற்றி வீசவும் செய்வான். ஐஸ் டான்ஸில் அவ்வாறு தலைக்குமேல் தூக்கலாகாது; தாளத்துக்கு இயைந்த கால்வரிசையே அதன் உயிர். முதலில் குறுகிய ஆட்டம். ஒவ்வொரு பிரிவிலும் முதலாவதாக வந்தவரின் நாட்டுக்கு 10 புள்ளி, அடுத்தவருக்கு 9, இவ்வாறே இறங்கிப் பத்தாமவருக்கு 1. நான்கு பிரிவுகளையும் கூட்டிப் பார்த்து முதல் ஐந்து நாடுகள் மட்டும் நீண்ட ஆட்டத்துக்குச் செல்லும். அங்கே 10 முதல் 6 வரை புள்ளிகள். இரண்டு பிரிவுகளில் ஆட்களை மாற்றிக்கொள்ளவும் இடமுண்டு. ஆக, ஒரு நாடு பெறக்கூடிய உச்சம் 80.

இதில் நம்மைக் கவர்ந்த நுட்பம் ஒன்றுண்டு. நடுவர்கள் வழங்கும் மதிப்பெண் வேறு. குழுவுக்குச் சேரும் புள்ளி வேறு. இரண்டாமவரை நூற்றில் ஒரு பங்கு வித்தியாசத்தில் வென்றாலும் பத்துதான். முப்பது மதிப்பெண் வித்தியாசத்தில் வென்றாலும் அதே பத்துதான். ஆகவே ஒரு மேதையை மட்டும் நம்பி எந்த நாடும் கரையேற முடியாது. ஜப்பானே இதற்குச் சான்று. சோச்சியில் ஆண்களின் குறுகிய ஆட்டத்தில் யூஸுரு ஹன்யு முதலிடம் பெற்றார். 2018-இல் தென்கொரியாவின் பியோங்சாங்கில் ஷோமா உனோ முதலிடம் பெற்றார். இரண்டு தடவையும் ஜப்பானுக்குக் கிட்டியது ஐந்தாம் இடமே. தனியாட்டத்தில் சிங்கங்கள், ஜோடியில் வலுவில்லை. பின்னர் ரிகு மியூரா, ரியூயிச்சி கிஹாரா என்ற நல்ல ஜோடி அமைந்த பிறகே அந்நாட்டின் நிலை மாறிற்று.

சோச்சியில் ருஷியா 75 புள்ளிகளுடன் தங்கம் வென்றது. கானடா 65, அமெரிக்கா 60. பதினைந்தே வயதான யூலியா லிப்னித்ஸ்காயா பெண்கள் பிரிவின் இரண்டு ஆட்டங்களிலும் முதலிடம் பெற்றாள். அதே குழுவில் 31 வயதான எவ்கெனி புளூஷெங்கோ முதுகு நோயைப் பொறுத்துக்கொண்டு இரண்டு ஆட்டங்களும் ஆடிக் கொடுத்தார். நான்கு நாள் கழித்துத் தனிப் பந்தயத்துக்காகப் பனித்தளத்தில் இறங்கியவர், வலி தாளாமல் ஆட்டம் தொடங்குமுன்பே விலகிக்கொண்டார். ஆண்கள் பிரிவில் ருஷியாவுக்கு அவ்வாண்டு இருந்தது ஒரே இடம். அது வெறுமையாகப் போயிற்று. அவரைக் குறை கூறியோர் உண்டு. குழுவுக்காகத் தம் முதுகைக் கொடுத்தவரைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. பியோங்சாங்கில் கானடா 73 புள்ளிகளுடன் தங்கத்தைத் தட்டிச் சென்றது. பாட்ரிக் சான், டெஸ்ஸா விர்ச்சு, ஸ்காட் மோய்ர் முதலிய தேர்ந்த கைகள் அக்குழுவில் இருந்தன.

இனிப் பெய்ஜிங்குக்கு வருவோம். ருஷியக் குழுவில் காமிலா வாலியெவா என்னும் சிறுமி. அவளுக்கும் வயது 15. நீண்ட ஆட்டத்தில் நான்கு சுற்றுத் தாவலை நிகழ்த்தினாள். ஒலிம்பிக்கில் பெண்ணொருத்தி அதனைச் செய்தது அதுவே முதன்முறை. அவள் பெற்றது 178.92, அடுத்து வந்த ஜப்பானின் கவோரி சகமோட்டோ பெற்றது 148.66. இரண்டு ஆட்டங்களிலும் முதலிடம். குழுவுக்கு இருபது புள்ளி. கணக்கு முடிந்தபோது ருஷியர்கள் 74, அமெரிக்கா 65, ஜப்பான் 63, கானடா 53.

மறுநாளே இடி விழுந்தது. முந்திய டிசம்பர் 25-ஆந் தேதி ருஷியத் தேசியப் போட்டியின்போது அவளிடம் எடுத்த சோதனைநீர், ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் ஆய்வுக்கூடத்தில் ஆராயப்பட்டு, அதில் 'டிரைமெட்டாசிடின்' என்ற தடை செய்யப்பட்ட மருந்து இருப்பதாகச் செய்தி வந்தது. நெஞ்சுவலிக்காரருக்குக் கொடுக்கப்படும் இருதய மருந்து அது. சோதனைநீர் எடுத்த நாளுக்கும் முடிவு வந்த நாளுக்கும் இடையே 45 நாட்கள்! அந்த முடிவு ஒரு வாரம் முன்னதாக வந்திருப்பின் இவ்வளவு துயரமும் நேர்ந்திராது. பரிசளிப்பு விழா நிறுத்தப்பட்டது. தனிப் பந்தயத்தில் ஆட அனுமதி பெற்ற அச்சிறுமி, உலகின் கண்களெல்லாம் தன்மேல் நிலைத்திருக்க, விழுந்து எழுந்து ஆடி நான்காம் இடத்துக்கு இறங்கினாள். அமெரிக்கக் குழுவினர் ஒன்பது பேரும் பதக்கமின்றியே ஊர் திரும்பினார்கள்.

வழக்கு ஸ்விட்சர்லாந்தின் லோசான் நகரிலுள்ள விளையாட்டு நடுவர் மன்றத்துக்குச் சென்றது. தாத்தாவின் மருந்து தவறுதலாகத் தன் உணவில் கலந்துவிட்டது என்ற சிறுமியின் வாதம் ஏற்கப்படவில்லை. 2024 ஜனவரி 29-ஆந் தேதி, சோதனை நாளிலிருந்து நான்கு ஆண்டுத் தடை விதித்துத் தீர்ப்பு வந்தது. மறுநாள் சறுக்கு யூனியன் பட்டியலைத் திருத்திற்று. அமெரிக்காவுக்குத் தங்கம், ஜப்பானுக்கு வெள்ளி. வெண்கலம் யாருக்கு என்பதிலேதான் சிக்கல்.

யூனியன் செய்தது இவ்வளவுதான்: வாலியெவாவின் இருபது புள்ளிகளை ருஷியரின் 74-இலிருந்து கழித்தது. மீதி 54. கானடாவின் 53 அப்படியே. ஆகவே ருஷியருக்கே வெண்கலம்! கானடாக்காரர் கொதித்தெழுந்தார்கள். அவர்கள் சொன்னதை நேயர்கள் கவனிக்க வேண்டும். கானடாவின் மாடலின் ஷிஸாஸ் இரண்டு ஆட்டங்களிலும் மூன்றாமவராக வந்து எட்டு எட்டாகப் பதினாறு புள்ளி ஈட்டியவர். முதலாமவர் நீக்கப்பட்டால் அவர் இரண்டாமவர் ஆகிறார். எட்டு ஒன்பதாகிறது, இரண்டு தடவை. கானடாவின் கூட்டுத்தொகை 55 ஆகும். 54-ஐ விட ஒன்று அதிகம்.

ரயில் நிலையத்தில் காத்திருப்போர் பட்டியல் எவ்வாறு நகர்கிறது என்பதைப் பொங்கலுக்கு ஊர் செல்லும் நம் குடும்பத்தார்க்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. இடம் உறுதியான ஒருவர் சீட்டை ரத்துச் செய்தால், பின்னால் உள்ளவர் ஒவ்வொருவரும் ஒரு படி முன்னேறுகிறார். காலியான படுக்கையைப் பூட்டி வைத்துவிட்டு, காத்திருப்பவரை நடைமேடையிலேயே நிறுத்தி வண்டியை அனுப்பும் வழக்கம் இல்லை. பதினைந்து ஆண்டுகளாகப் பேரேடும் பட்டியலுமாகக் காலந்தள்ளுகின்ற நம் கண்ணுக்குக் கானடாவின் கணக்கே நேரானதாகத் தோன்றுகிறது. ஆயினும் நடுவர் மன்றம் அதனை ஒப்பவில்லை. பாரிஸ் விழாவுக்குச் சில நாட்களே முன்னதாகக் கானடாவின் முறையீடு தள்ளுபடியாயிற்று. வெண்கலம் ருஷியருக்கே என நின்றது. மறுபுறம், தவறேதும் செய்யாத மற்ற ருஷிய ஆட்டக்காரர்களும் ஒருத்தியின் பொருட்டுத் தங்கத்தை இழந்தார்கள் என்பதையும் நாம் மறுக்கவில்லை. அந்தச் சிறுமியைச் சூழ்ந்திருந்த பெரியவர்களை நினைக்குந்தோறும் நமக்குச் சினமே மேலிடுகிறது. பெரியவர் பிரிவில் ஆடுவதற்குரிய குறைந்த வயதை 15-இலிருந்து படிப்படியாக 17-ஆக உயர்த்த 2022 ஜூனில் யூனியன் முடிவு செய்தது. லிப்னித்ஸ்காயா 2017-லேயே ஆட்டத்தைத் துறந்துவிட்டிருந்தாள் என்பதையும் நினைவூட்டுவோம்.

இவ்வளவு கசப்புக்குப் பின் சற்று மகிழ்ச்சியான செய்தியும் வேண்டுமல்லவா? ஒலிம்பிக்குக்கு முன்பே, 2009-இல், டோக்கியோவில் உலகக் குழுக் கோப்பைப் போட்டி தொடங்கிற்று. ஆறு நாடுகள்; நாட்டுக்கு எட்டுப் பேர். இரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள், ஒரு ஜோடி, ஓர் ஐஸ் டான்ஸ் இணை. 2011-இல் நடக்க வேண்டியது ஜப்பானின் பெரும் பூகம்பத்தினால் அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைக்கப்பட்டது. பனித்தளத்தின் ஓரத்தில் ஒவ்வொரு நாட்டாருக்கும் ஒரு மேடை. அதில் கொடியும் தொப்பியும் வேடமுமாக அமர்ந்து, ஆடுகின்ற தம்மவரைக் கூவி உற்சாகப்படுத்துவார்கள். மதிப்பெண் வரும் நேரத்தில் எட்டுப் பேரும் ஒரு குடும்பம்போல் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பதைக் காண்பதே ஒரு விருந்து. ஆண்டு முழுவதும் தனித்தனியே போராடியவர்கள் அவர்கள்.

உண்மையான கூட்டாட்டம் என்று நாம் கருதுவது பதினாறு பேர் ஒரே சமயத்தில் ஒரே தாளத்தில் சறுக்குவது. அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்து ஆன் ஆர்பர் நகரில் 1956-ஆம் ஆண்டு அது பிறந்தது. ஐஸ் ஹாக்கி ஆட்டத்தின் இடைவேளையில் மக்களை மகிழ்விக்க ஆடிய பெண்கள் குழு அதன் தாய். 2000-ஆம் ஆண்டு மின்னியாபொலிஸில் முதல் உலகப் போட்டி நடந்தது. பின்லாந்தும் ஸ்வீடனும் இதில் கைதேர்ந்தவை. பதினாறு பேர் கைகோத்துச் சக்கரமாகச் சுழலும்போது ஒருவர் தடுக்கினால் வரிசையே குலைந்துவிடும். இதற்கு ஒலிம்பிக்கில் இன்னும் இடமில்லை. ஏனென்று நமக்குப் புரியவில்லை.

பனித்தளத்தை நேரில் காண விரும்பும் வடநாட்டு அன்பர்கள் சிம்லாவுக்குச் செல்லலாம். அங்கே 1920-இல் தொடங்கிய திறந்தவெளிப் பனித்தளம் உண்டு. இரவில் தண்ணீரைத் தெளித்து, குளிரினாலேயே உறையவிடுவார்கள். கால்காவிலிருந்து குறுகிய பாதைச் சிறு ரயில் செல்கிறது. குளிர்காலத்தில், வானம் தெளிந்த நாளாகப் பார்த்து, அதிகாலையிலேயே போய்விட வேண்டும். வெயில் ஏறினால் தளம் இளகிவிடும். அன்றைய ஆட்டமும் முடிந்தது.