கேட்டு வாங்கிய கணக்கைத் தவறாக வாசிக்காதீர்கள்

வார்டில் போட்ட சாலைக்கும் கால்வாய்க்கும் எவ்வளவு செலவானது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனுப் போடுபவர்கள், 'எக்செல் கோப்பாகத் தரவும்' என்று ஒரு வரி சேர்த்து எழுத வேண்டும். கணினியில் இருக்கும் தகவலை மின்னணு வடிவில் பெறும் உரிமை அந்த 2005ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. கேட்ட வடிவில்தான் பொதுவாகத் தர வேண்டும் என்கிறது 7(9) பிரிவு. அலுவலகத்தின் வளம் அளவுக்கு மீறிச் செலவாகும், அல்லது ஆவணத்துக்கே கேடு வரும் என்றால் மட்டுமே விலக்கு. 30 நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி தராவிட்டாலும் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம்.

கோப்பு கைக்கு வந்த பிறகுதான் அடுத்த ஆபத்து. ஒரே பணிக்கு பார்ட் பில், ஃபைனல் பில் என்று பல வரிசைகள் இருக்கும். எல்லாம் வெள்ளையாக இருந்தால் கண் நழுவி, பக்கத்துத் தெருக் கால்வாயின் தொகையை நம் சாலையின் கணக்கில் சேர்த்துவிடும். அந்த ஒரு பிழையோடு கிராம சபையில் எழுந்து பேசினால், சரியாகக் கண்டுபிடித்த மற்ற குறைகளையும் யாரும் காதில் வாங்க மாட்டார்கள்.

பணிக்குப் பணி மாறி மாறி நிறப் பட்டை இருந்தால் கண் நழுவாது. ஆனால் அதைக் கையால் பூசுவது உதவாது. வேறொரு முறையில் அடுக்கியதும் வண்ணம் அந்தந்த வரிசையோடு நகர்ந்து பட்டைகள் கலைந்துவிடும். மூலக் கோப்பைத் தொடாமல் நகலில் வேலை செய்யுங்கள். முதலில் பணி எண்படி அடுக்குங்கள். காலியாக உள்ள ஒரு நெடுவரிசையில், 'ஹெச்' என்று வைத்துக்கொள்வோம், முதல் பணிக்கு நேரே 0 என்று இடுங்கள். அடுத்த வரிசையிலிருந்து 'இஃப்' ஃபார்முலா: பணி எண் மேலே உள்ளதேயானால் மேலே உள்ள எண், மாறினால் 1-இலிருந்து அந்த எண்ணைக் கழித்தது. பணி மாறும்போதெல்லாம் 0, 1 என்று மாறி மாறி வரும். பிறகு தகவல் முழுவதையும் தேர்வு செய்து, கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கில் 'ஹெச்' 1 ஆக இருந்தால் வெளிர் சாம்பல் என்று விதி கொடுங்கள். 'ஹெச்'சுக்கு முன் டாலர் குறி கட்டாயம். அது இருந்தால்தான் வரிசை முழுவதும் நிறம் ஏறும். பணி எண்ணின் பின்னால் ஒரு இடைவெளி ஒட்டியிருந்தாலும் எக்செல் அதை வேறு பணியாகவே எடுக்கும். 'டிரிம்' போட்டு நீக்குங்கள். தேதிப்படி மாற்றி அடுக்கினால் குழுக்கள் சிதறும். மறுபடி பணி எண்படி அடுக்கித்தான் வாசிக்க வேண்டும்.

நிறம் வாசிப்பதற்கு மட்டுமே. 'பணம் கொடுக்கப்படவில்லை' போன்ற செய்தியைச் சிவப்பில் காட்டி விட்டுவிடாமல் தனி நெடுவரிசையில் எழுத்தாக வையுங்கள். சிஎஸ்வி கோப்பாகச் சேமித்தால் நிறம் போய்விடும், ஜெராக்ஸிலும் தெரியாது, சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்களுக்கும் பயனில்லை.

மறைத்து வைத்த வரிசைகளையும் பாருங்கள். 2008-இல் லேமன் பிரதர்ஸ் வங்கியின் சொத்துகளை பார்க்ளேஸ் வங்கி வாங்கியபோது, எக்செல்லில் நீக்காமல் மறைக்கப்பட்டிருந்த வரிசைகள் பிடிஎஃப் ஆக்கும்போது வெளிப்பட்டு, வேண்டாத 179 ஒப்பந்தங்கள் பட்டியலில் ஏறின. இடது ஓரத்தில் வரிசை எண் 14-க்குப் பின் 18 என்று தாவினால், முழுத் தாளையும் தேர்வு செய்து 'அன்ஹைட்' கொடுங்கள். கூட்டுத்தொகை போடுவது அதன் பிறகு.