முதலாளியின் முகமே கடையின் முத்திரை

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டார வணிகப் பெருமக்களுக்கு ஒரு கவலை உண்டு. அத்திப்பள்ளியைத் தாண்டினால் பெங்களூர் கடைவீதி. சிப்காட்டுக்கு வேலைக்கு வருவோரில் பலர் வெளியூர்க்காரர்கள். அவர்களுக்கு நம் கடையின் பெயரே தெரியாது. கைபேசி வழி விற்பனையும் போட்டிக்கு நிற்கிறது. நாம் என்ன செய்வது?

வசந்த் அண்ட் கோ நிறுவனர் எச். வசந்தகுமாரை எண்ணிப் பாருங்கள். வி.ஜி.பி.யில் விற்பனையாளராக இருந்தவர், 1978ல் சென்னையில் சொந்தக் கடை தொடங்கினார். தம் சிரித்த முகத்தையே விளம்பரத்தில் வைத்தார். 2020ல் அவர் மறைந்த பின்னும் கடையின் பெயரைக் கேட்டால் அந்த முகமே நினைவுக்கு வருகிறது.

அன்று அதற்குப் பத்திரிகைக்கும் தொலைக்காட்சிக்கும் பெரும் பணம் வேண்டும். 2018ல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலியோ சிறு கடைக்கு இலவசம். காலையில் இறங்கிய சரக்கு, அன்றைய விலை, கடை நேரம் ஆகியவற்றை முதலாளியே தம் குரலில் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் சொல்லலாம். வியாபாரம் மந்தமான மதிய வேளையில் பத்து நிமிடம் போதும். கல்லாவை விட்டு எழ வேண்டியதில்லை.

ஒன்றை மறக்கலாகாது. 2020 ஜூனில் டிக்டாக் தடைசெய்யப்பட்டபோது, அதை மட்டுமே நம்பியிருந்தோர் சேர்த்த கூட்டம் கலைந்து போயிற்று. ஆகவே வாடிக்கையாளரின் சம்மதத்துடன் அவர்தம் எண்களைக் கடை நோட்டிலும் எழுதி வையுங்கள்.

படத்தில் சொன்ன விலை கடையில் மாறினால் விளம்பரமே வினையாகும். எடையும் நாணயமும் சரியாக இருந்தால்தான் முகத்துக்கு மதிப்பு.