வீங்கின டின்னா? வேண்டாம் பாஸ்!

"டப்பா சாப்பாடா? உள்ளே எல்லாம் கெமிக்கல்ப்பா!" - இது வீட்டுப் பெரியவங்க டயலாக். ஹாஸ்டல்வாசிகளைக் கேட்டா கதையே வேற. ராத்திரி பதினோரு மணி... மெஸ் மூடியாச்சு. கட்டிலுக்கு அடியில ஒரு மில்க்மெய்ட் டின். ஓப்பனர் இல்லியா? காம்பஸ் முனையால ரெண்டு ஓட்டை. மொத்த ரூமும் க்யூவில் நிக்கும்!

ஓப்பனர் இல்லாம திண்டாடினது நாம மட்டும் இல்லீங்க. உணவைப் பாட்டில்ல காற்றுப் புகாம அடைச்சுக் கொதிக்க வெச்சா கெடாதுன்னு நிரூபிச்ச பிரெஞ்சுக்காரர் நிக்கோலா அப்பேர், 1810-ல் 12,000 ஃபிராங்க் பரிசு வாங்கினார். அதே வருஷம் இங்கிலாந்தில் தகர டின்னுக்குக் காப்புரிமை. அமெரிக்காவில் டின் ஓப்பனருக்குக் காப்புரிமை கிடைச்சதோ 1858-ல்! அதுவரை உளியும் சுத்தியலும்தான் துணை.

சரி, கெமிக்கல் மேட்டர்? மில்க்மெய்டைக் காப்பாத்துறது சர்க்கரை. மீன், பட்டாணி டின்களைக் காப்பாத்துறது வெப்பம். பிரஷர் குக்கர் டெக்னிக்தான், சுமார் 121 டிகிரி செல்சியஸ். ஏன் அவ்வளவு சூடு? கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம்ங்கிற கிருமியோட வித்துகள் கொதிக்கிற தண்ணிக்கே அசராது. உள்ளே தப்பிப் பிழைச்சா, அது கக்குற விஷம் மூச்சையே நிறுத்திடும்.

அதனால உப்பு, சர்க்கரை அளவை லேபிள்ல பாருங்க. டின் வீங்கியிருந்தாலோ, ஒழுகினாலோ ருசிகூடப் பார்க்காதீங்க. காசு போனா போகட்டும், நேரா குப்பைத்தொட்டிதான்!