முதலில் செருப்பு, பிறகு பட்டு

சித்திக்கு அறுபத்து மூன்று வயது. குதிகால் வலிக்கு ஏழு வயது. காலையில் கட்டிலைவிட்டு இறங்கி வைக்கிற முதல் பத்து அடி அவருக்கு ஆணிப் பலகைமேல் நடப்பது மாதிரி. நடக்க நடக்கக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். சாயங்காலம் மறுபடி வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்படிப்பட்டவருக்கு 2023-ஆம் ஆண்டு கோடையில் அவருடைய மகன் சொகுசுக் கப்பலில் டிக்கெட் எடுத்துவிட்டான். துணைக்கு நான். சென்னையில் ஏறி, இலங்கைத் துறைமுகங்களைத் தொட்டுவிட்டுத் திரும்புகிற பயணம். ராமநாதபுரத்து வீட்டில் சேதி தெரிந்ததும் அக்கம்பக்கத்தார் சாப்பாட்டைப் பற்றியும் வாந்தியைப் பற்றியும் விசாரித்தார்கள். சித்தி கேட்டது ஒன்றுதான்.

"ஏத்தா, கப்பலுக்குள்ள செருப்புப் போட்டுக்கிறலாமா?"

சிரித்தோம். பெட்டி கட்ட உட்கார்ந்த பிறகுதான் அது எவ்வளவு சரியான கேள்வி என்று புரிந்தது.

2023 ஜூன் 5 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கைக்கு முதல் பயணத்தைத் தொடங்கிய கப்பலின் பெயர் எம்ப்ரஸ். கார்டிலியா நிறுவனம் அதை வாங்குவதற்கு முன்னால் வெளிநாட்டுக் கடல்களில் பல வருடம் ஓடியது. 1990-இல் முதன்முதலாக ஓடத் தொடங்கியபோது அதன் பெயர் நார்டிக் எம்ப்ரஸ். நீளம் 211 மீட்டர். எண்ணைச் சொன்னால் நம்மூர்க்காரர்களுக்கு விளங்காது. ராமேசுவரம் கோயிலின் மூன்றாம் பிராகாரத்தைச் சொன்னால் விளங்கும். வடக்குப் பிராகாரம் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஏறத்தாழ 640 அடி. கப்பல் அதைவிட ஐம்பது அடிதான் கூடுதல். அறை ஒரு கோடியில், சாப்பாட்டுக் கூடம் மறுகோடியில் என்று அமைந்துவிட்டால், மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் போய்வருவதே வடக்குப் பிராகாரத்தை ஆறு முறை நடப்பதற்குச் சமம். இதில் மேல்தளம், கீழ்த்தளம், மாடிப்படி எதுவும் சேரவில்லை. சொகுசுக் கப்பல் என்றால் சாய்வு நாற்காலியில் படுத்துக் கடலைப் பார்ப்பது என்று விளம்பரப் படங்கள் நம்ப வைக்கின்றன. உண்மையில் அது நடக்கிற இடம்.

நடந்தால் மட்டும் போதாது, உடுத்தியும் நடக்க வேண்டும். இரவு விருந்துக்கு அலங்காரமாக வருவது அட்லாண்டிக்கைக் கடந்த பழைய கப்பல்கள் விட்டுப்போன வழக்கம். குனார்ட் நிறுவனத்தின் கப்பல்களில் இன்றைக்கும் சில இரவுகளில் ஆண்களுக்குக் கறுப்புக் கோட்டு, போ டை, பெண்களுக்குத் தரை தொடும் கவுன். இந்தியர்கள் ஏறுகிற கப்பல்களில் அந்த விறைப்பு இல்லை. ஆனால் கல்யாண வரவேற்புக்குப் போவது போல ஒரு மாலையாவது எல்லாரும் கிளம்பிவிடுகிறார்கள். சித்தியின் மருமகள் போனிலேயே பட்டியல் போட்டாள்: நான்கு பட்டு, நான்குக்கும் பொருத்தமாகச் செருப்பு, அதில் இரண்டு குதிகால் உயர்ந்தவை. குதிகால் உயர்ந்த செருப்பு, அதுவும் ஆடுகிற தரையில்! பெட்டி இருபது கிலோவைத் தாண்டியது. அதை யார் தூக்குவது என்பதைப் பற்றிப் பட்டியலில் ஒன்றும் இல்லை.

அன்றைக்குப் பெட்டியைக் கவிழ்த்துவிட்டு, செருப்பிலிருந்து தொடங்கினோம்.

தமிழ்நாட்டில் கால் வலி உள்ளவர்களுக்கு எம்.சி.ஆர். என்ற மூன்றெழுத்தை விளக்க வேண்டியதில்லை. நுண்ணறைகள் கொண்ட மெத்தென்ற ரப்பர் அது. சர்க்கரை நோய்க்காரர்கள் வீட்டு வாசலில் நீல நிறத்திலோ கறுப்பு நிறத்திலோ ஒரு ஜோடி கட்டாயம் கிடக்கும். அதற்கு ஒரு பூர்வீகம் உண்டு. 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் தொழுநோயாளிகளின் கால்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். விரல்கள் தானாக அழுகி உதிர்வதில்லை, உணர்ச்சி போன பாதத்தில் ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்து விழுந்துதான் புண்ணாகிறது என்று கண்டார். வலி தெரியாததால் அவர்கள் காலை மாற்றி வைப்பதில்லை. அந்த அழுத்தத்தைப் பாதம் முழுக்கப் பரப்பிவிட மெத்தென்ற ரப்பர் தேவைப்பட்டது. வேலூரிலும் பக்கத்துக் கரிகிரியிலும் நடந்த அந்த வேலையின் பேரப்பிள்ளைதான் நம் எம்.சி.ஆர். செருப்பு. வலி தெரியாதவர்களுக்காகப் பிறந்த ஒன்றை இன்று வலி தாங்காதவர்கள் போட்டுக்கொண்டு நடக்கிறார்கள்.

ராமநாதபுரத்தில் அளவெடுத்துத் தைத்துக் கொடுக்கிற ஒருவரிடம் சித்தியைக் கூட்டிப்போனேன். அவர் சித்தியின் பழைய செருப்பைத் தலைகீழாகத் திருப்பி, தேய்ந்திருந்த வாட்டத்தைப் பார்த்தார். பாதத்தைப் பார்த்தது அதற்குப் பிறகுதான்.

"மெத்துன்னு இருக்கறது வேற, தாங்குறது வேறம்மா. பஞ்சு மெத்தையில நடந்தா கால் வலிக்கத்தான் செய்யும்."

எம்.சி.ஆர். மேல்பட்டை, அதற்கடியில் கெட்டியான அடிப்பாகம், உள்வளைவுக்கு ஒரு திண்டு, குதிகாலைக் கிண்ணம் போலப் பிடிக்கிற குழி, பின்னால் ஒரு வார். கடைச் செருப்புக்கு அவர் சொன்ன சோதனையும் எளிது. இரண்டு கையாலும் பிடித்து வளைத்துப் பாருங்கள். விரல் மடங்குகிற இடத்தில் மட்டும் வளைந்தால் எடுங்கள். நடுவில் மடங்கினாலோ, ஈரத்துணி போல முறுக்க வந்தாலோ வைத்துவிடுங்கள். சாயங்காலம் பாதம் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் அளவு கொடுங்கள். பயணத்துக்கு மூன்று வாரம் முன்பே போட்டு நடக்க ஆரம்பித்துவிடுங்கள். புதுச் செருப்போடு கப்பலேறுவது கொப்புளத்தோடு இறங்குவதற்குத்தான்.

எங்கள் சொந்தக் கண்டுபிடிப்பு ஒன்றும் உண்டு. ஷூவா செருப்பா என்று வாதம் வந்தபோது நான் கயிறு கட்டுகிற நடைஷூ பக்கம் நின்றேன். பாதத்தைப் பிடிப்பதில் அதை அடிக்க ஆளில்லை. ஆனால் போகிற இடங்களை எண்ணிப் பார்த்தால், திருகோணமலையில் இறங்கினால் திருக்கோணேச்சரம், காங்கேசன்துறையில் இறங்கினால் நல்லூர். நல்லூர்க் கந்தசாமி கோயிலில் ஆண்கள் மேல்சட்டையையே கழற்ற வேண்டும். செருப்பைக் கேட்கவே வேண்டாம். முழங்காலும் மடங்காத ஒருவர் கோயில் வாசலுக்கு வாசல் குனிந்து கயிறு அவிழ்த்துக் கட்டுவது நடக்கிற காரியமா? வெல்குரோ ஒட்டும் வார்தான் சரி. நின்றபடியே பின்வாரைத் தட்டிவிட்டுக் காலை உருவிவிடலாம். வெள்ளைக்காரர்கள் எழுதுகிற கப்பல் பயணக் குறிப்புகளில் இந்த வசதி அவ்வளவாகக் கண்ணில் படுவதில்லை. அவர்கள் செருப்பைக் காலையில் போட்டால் இரவில்தான் கழற்றுகிறார்கள்.

வெறுங்காலுக்கு என்ன வழி என்றால், பெரிதாக ஒன்றுமில்லை. ராமேசுவரத்தில் இருபத்திரண்டு தீர்த்தமாடிவிட்டு ஈரக் கருங்கல்லில் நடந்தவர்களுக்குத் தெரியும். குதிகால் வலிக்காரருக்கு அதைவிடக் கடுமையான தரை கிடையாது; காலுறை போட்டால் நனைந்து வழுக்கும். சித்தியின் வழக்கம், காலையில் எழுந்ததும் போகாமல், கெண்டைக்கால் தசையை நீவி நீட்டிவிட்டு, பதினொரு மணி வாக்கில் போவது. ஒரே மூச்சில் சுற்ற மாட்டார். தூணுக்குத் தூண் நின்று நிதானிப்பார். மூன்றாம் பிராகாரத்தில் ஆயிரத்து இருநூற்றுக்கும் மேல் தூண்கள் இருப்பது இதற்காகத்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

ராமேசுவரத்தில் நின்று செருப்பைப் பற்றிப் பேசினால் இன்னொன்றும் நினைவுக்கு வரும். இந்தக் கரைக்கு வந்த பயணிகளில் முதல்வர் என்று ஊர் நம்புகிறவர், பாதுகையைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு வந்தார். கந்தமாதன பர்வதத்தில் வைத்துக் கும்பிடுகிறோமே, அது பாதம். பாதுகை அயோத்திப் பக்கம் சிம்மாசனத்தில் இருந்தது. அவருக்கும் மூட்டையென்று பெரிதாக இல்லை. மரவுரியும் வில்லும்தான்.

எடையைக் குறைப்பதில் இந்தத் தீவுக்காரர் இன்னொருவர் செய்த வேலைதான் எனக்கு அதைவிடப் பெரிது. அப்துல் கலாம் ஹைதராபாத்தில் ஏவுகணைப் பணியில் இருந்தபோது, நிஜாம் மருத்துவ அறிவியல் கழகத்தின் எலும்பு மருத்துவர் ஒருவர் அவருடைய ஆய்வகத்துக்கு வந்தார். ஏவுகணைக்காகச் செய்திருந்த கூட்டுப்பொருளைக் கையில் தூக்கிப் பார்த்து, அதன் லேசைக் கண்டு அசந்துபோய், கலாமை மருத்துவமனைக்கே அழைத்துப் போனார். அங்கே குழந்தைகள் ஒவ்வொன்றும் மூன்று கிலோவுக்கு மேல் கனக்கும் இரும்புத் தாங்கியைக் காலில் மாட்டிக்கொண்டு இழுத்து இழுத்து நடந்துகொண்டிருந்தார்கள். மூன்றே வாரத்தில் அதை 300 கிராமாக்கிக் கொடுத்ததைக் கலாம் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். தாங்கவும் வேண்டும், கனக்கவும் கூடாது என்ற எங்கள் சின்னச் சிக்கலின் பெரிய வடிவம் அது. குடியரசுத் தலைவர் மாளிகையைவிட்டு 2007-இல் கிளம்பும்போது இரண்டு பெட்டிகளோடு போவதாகச் சொன்னவரும் அவர்தான்.

செருப்பு முடிவானதும் சேலைகள் தாமாக வரிசைக்கு வந்தன. தரை தொட்டுக் கட்டினால் சேலை செருப்பை மூடிவிடும். கவுனுக்கும் கோட்டுக்கும் கிடைக்காத சலுகை இது. கொசுவத்துக்குக் கீழே காட்டன் பட்டுக்குத் தோதாக என்ன இருக்கிறது என்று எவரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: எந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு கட்டுகிறோமோ அந்த உயரத்துக்குத்தான் சேலை. உயரம் மாறினால் கப்பலின் மாடிப்படியில் கால் தடுக்கும். எல்லாச் சேலைக்கும் ஒரே செருப்பு என்றால் அந்தக் கவலையும் போயிற்று. அடர்ந்த பழுப்பு நிறத்தில் தைக்கச் சொன்னோம். அரக்குக்கும் போகும், பச்சைக்கும் போகும், சுடிதாருக்கும் போகும்.

சரிகை கனத்த காஞ்சிப் பட்டு ஒன்று கிலோவைத் தொடும். நான்கு பட்டில் மூன்றை பீரோவுக்கே திருப்பி அனுப்பினோம். பதிலுக்குப் பரமக்குடி. எமனேசுவரத்துத் தறியில் நெய்த இரண்டு மெல்லிய சேலைகள், மடித்தால் ஒரு கைக்குள் அடங்கும். விளக்கு வெளிச்சத்தில் கரை பளிச்சென்று எழும். ஒரே ரவிக்கை இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி எடுத்தோம். ஒரு முத்துச் சரம். அலங்காரம் என்பது கழுத்துக்கு மேலேதான் என்று சித்தி தீர்ப்புச் சொன்னார். குளியலறைக்கு ஒரு லேசான ரப்பர் செருப்பு, அதுவும் வார் வைத்தது. மாத்திரைகள் கைப்பையில். மளிகைக்கடைத் தராசில் தொங்கவிட்டபோது பெட்டி ஒன்பது கிலோவுக்குக் கொஞ்சம் கீழே நின்றது. கனமான செருப்பு காலில் போவதால் அது கணக்கில் வரவில்லை.

இலங்கைக்குக் கப்பலேறுவது பழைய ஆட்களுக்குப் புதிதல்ல. 1914-இல் பாம்பன் பாலம் திறந்தபின், எழும்பூரில் ஏறி தனுஷ்கோடியில் இறங்கி, இர்வின், கோஷன் போன்ற கப்பல்களில் தலைமன்னாருக்குப் போகிற பாதை வந்தது. தொப்பிக்கென்று தனிப் பெட்டி வைத்திருந்த துரைமார் ஒருபுறம். மண்டபம் முகாமில் சில நாள் அடைத்துவைத்துத் துணிமணிக்கு மருந்தடித்து, கங்காணி பின்னால் அனுப்பப்பட்ட தோட்டத் தொழிலாளர்கள் மறுபுறம். ஒரே கடல், ஒரே சில மணி நேரம். மேலே ஷூ, கீழே வெறுங்கால். குறைந்த சாமான் எல்லாருக்கும் ரசனை அல்ல என்பதை அந்தக் கப்பல்களை நினைக்காமல் எழுத முடியவில்லை. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோனது. ராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980-களின் தொடக்கத்தோடு நின்றது. ரயிலுக்கு மட்டும் போட் மெயில் என்ற பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அந்த போட் மெயிலில்தான் ராமநாதபுரத்தில் ஏறினோம். கப்பலைப் பிடிக்க அதில் போகிறவர்கள் அன்றைக்கு நாங்கள் மட்டும்தான் இருந்திருப்போம். எதிர் இருக்கைக்காரர் எங்கள் பெட்டியைப் பார்த்துவிட்டு, "திருச்சிக்கா?" என்றார். "இல்ல, சிலோனுக்கு," என்றார் சித்தி.

விளக்கணைக்கும் நேரம் பெட்டியைக் காலால் படுக்கைக்கடியில் தள்ளிவிட்டார். சங்கிலி போட்டுப் பூட்டலாம் என்றேன். "அதுல என்ன இருக்கு, சேலதானே," என்று சொல்லிவிட்டு, செருப்பிரண்டையும் கழற்றித் துணிப்பையில் போட்டு முடிச்சிட்டு, தலைமாட்டில் வைத்துப் படுத்துக்கொண்டார்.