ஒகாவா பள்ளியும் ஒரு கையேடும்

கடல்கோள் தமிழர்க்குப் புதிய செய்தி அன்று. தலைச்சங்கம் இருந்த மதுரையைக் கடல் கொண்டது என இறையனார் களவியலுரை கூறும். ஏட்டில் படித்ததனை 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் நம் கடற்கரையில் கண்ணாற் கண்டோம். நாகை மாவட்டம் பட்ட துயரம் சொல்லில் அடங்காது. அன்று ஞாயிற்றுக்கிழமை, பள்ளிகள் பூட்டிக் கிடந்தன. அது வேலைநாளாக இருந்திருப்பின், கடலோரப் பள்ளிகளில் அமர்ந்திருந்த பிள்ளைகளை யார், எவ்வழியே, எந்த மேட்டுக்கு அழைத்துச் சென்றிருப்பர்?

இவ்வினா ஜப்பான் நாட்டில் ஒரு வேலைநாளிலேயே எழுந்தது. 2011 மார்ச் 11, வெள்ளிக்கிழமை, பிற்பகல் 2.46 மணிக்கு நிலம் அதிர்ந்தது. மியாகி மாநிலத்து இஷினோமாகி நகராட்சியைச் சேர்ந்தது ஒகாவா தொடக்கப்பள்ளி. கித்தகாமி ஆற்றங்கரையில், கழிமுகத்திலிருந்து ஏறத்தாழ 4 கிலோமீட்டர் உள்ளே அமைந்திருந்தது. ஆசிரியர்கள் மாணவர்களை ஒழுங்காக வெளியேற்றி விளையாட்டுத் திடலில் நிறுத்தினர். நில நடுக்கத்திற்கான முதற்கடமை அதுவே. அதனைக் குறைவின்றிச் செய்தனர். அதன்பின் என்ன செய்வது என்பதில்தான் ஏறக்குறைய 50 நிமிடங்கள் கழிந்தன. பள்ளிக்குப் பின்னே குன்று ஒன்று இருந்தது. பாடத்தின் பகுதியாகக் காளான் வளர்க்க மாணவர்கள் ஏறிய குன்று அது. ஆயினும் குளிர், அடுத்தடுத்த அதிர்வுகள், சரிவில் மரம் விழுமோ என்னும் அச்சம், திடலில் வந்து கூடிய முதிய ஊரார் ஆகிய யாவும் தயக்கத்தை வளர்த்தன. அலை வருகிறது என எச்சரித்தபடி நகராட்சி வண்டி ஒன்றும் அவ்வழியே சென்றது. இறுதியில் ஆற்றுப் பாலத்தை அடுத்த சிறு மேட்டை நோக்கி நடந்தனர். ஆற்றின் வழியே ஏறி வந்த கடல் எதிர்கொண்டது. அப்பள்ளியில் பயின்ற 108 மாணவர்களுள் 74 பேரும், ஆசிரியர்களும் பணியாளர்களுமாக 10 பேரும் மாண்டனர் அல்லது காணாமற்போயினர்.

குன்றின்மேல் ஏற்றாத ஆசிரியரைக் குறை கூறுவது எளிது. அவர்களும் அலையிலேயே மடிந்தவர்கள் என்பதனை மறத்தலாகாது. யான் இங்கு நோக்குவது அவர்கள் கையில் இருந்த தாளை.

ஜப்பானில் ஒவ்வொரு நகராட்சிக்கும் ஒரு கல்வி வாரியம் உண்டு. நம் மாவட்டக் கல்வி அலுவலகம் ஆற்றும் பணிகள் பலவற்றை அங்கு அதுவே ஆற்றுகிறது. ஒவ்வொரு பள்ளியும் இடர்க்காலக் கையேடு ஒன்றை வகுத்தல் வேண்டும் என்பது 2009 முதல் அந்நாட்டுச் சட்டம். ஒகாவா பள்ளியிலும் கையேடு இருந்தது. அதில் 'சுனாமி' என்னும் சொல்லும் இருந்தது. அலை வருங்கால் செல்லவேண்டிய இடமாகக் குறிக்கப்பட்டது, அருகிலுள்ள வெற்றிடம், பூங்கா போன்ற இடம் என்பதே. எந்த வெற்றிடம்? எந்தப் பூங்கா? அலைக்குத் தப்பி நிற்கத்தக்க அத்தகைய இடம் அப்பள்ளியின் அருகில் இல்லை.

மொழியாசிரியன் என்ற முறையில் என்னை உறுத்துவது இச்சொற்றொடரே. இலக்கணப் பிழை அதில் இல்லை. பொருள்தான் இல்லை. சொல் சுட்டும் பொருள் நிலத்தில் இருக்கின்றதா என எழுதியவரும் நடந்து பார்க்கவில்லை. பெற்றுக்கொண்ட அலுவலகமும் கேட்கவில்லை. 'பாதுகாப்பான இடத்திற்குச் செல்க', 'தக்க நடவடிக்கை எடுக்கப்படும்' என நாம் எழுதும் சுற்றறிக்கைகளும் இவ்வினத்தைச் சேர்ந்தனவே.

பிள்ளைகளை இழந்த குடும்பங்களுள் 19 குடும்பத்தார் 2014இல் வழக்குத் தொடுத்தனர். 2016இல் செண்டாய் மாவட்ட நீதிமன்றம் இழப்பீடு வழங்க ஆணையிட்டது; ஆயின் அன்றைய கடைசி நிமிடங்களில் களத்தில் நேர்ந்த தவறாகவே அதனைக் கண்டது. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் 2018இல் வேறு நோக்கில் தீர்ப்பளித்தது. தவறு அந்தத் திடலில் தொடங்கவில்லை. கையேட்டைச் செம்மையாக்காத பள்ளித் தலைமையும், அதனை ஆராய்ந்து திருத்தச் சொல்லாத கல்வி வாரியமும் நிலம் அதிரும் முன்னரே கடமை தவறின என்றது. நகராட்சியின் இடர் வரைபடம் அப்பள்ளியை அலை எட்டாத இடமாகக் காட்டியிருந்தது. அதனை அப்படியே நம்பியிருத்தல் ஆகாது. ஊரார்க்கு உள்ள அறிவினும் மிக்க அறிவு பள்ளி நடத்துவோர்க்கு வேண்டும் என்றும் கூறியது. இழப்பீடு ஏறத்தாழ 143 கோடி யென். 2019இல் உச்ச நீதிமன்றம் இத்தீர்ப்பை நிலைநிறுத்தியது.

அதே நாளில் வடக்கே கமாய்ஷி நகரில் நிகழ்ந்ததனையும் ஒருங்கு வைத்துக் காணல் வேண்டும். அங்கும் உனோசுமாய் பகுதியின் பள்ளிகளை வரைபடம் அலை எட்டாத இடத்திலேயே காட்டியது. ஆயினும் குன்மா பல்கலைக்கழகப் பேராசிரியர் கதாதா தோஷிதாக்கா பல ஆண்டுகளாக அந்நகரின் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் பயிற்சி அளித்து வந்தார். முன்கணிப்பை நம்பி இருந்துவிடாதே, இயன்றதனைத்தும் செய், பிறர்க்காகக் காத்திராமல் முதலில் ஓடு என்பன அவர் கற்பித்தவை. நடுநிலைப்பள்ளி மாணவர்கள் ஓடினர். அருகிருந்த தொடக்கப்பள்ளியில் மூன்றாம் மாடியில் ஏறி நின்ற சிறுவர்கள் அவர்களைக் கண்டு தாமும் இறங்கி ஓடினர். குறித்த புகலிடத்தை அடைந்தபின், அங்கே மலைச்சரிவு இடிந்திருக்கக் கண்டு, மேலும் உயரம் நாடினர். இரு பள்ளிக் கட்டடங்களையும் அலை மூழ்கடித்தது, ஓடியவர் பிழைத்தனர். நகரின் ஏறத்தாழ 3,000 மாணவர்களுள் மிகப் பெரும்பாலோர் உயிர் தப்பினர். இதனை 'அற்புதம்' எனப் பலர் எழுதினர். பல ஆண்டுப் பயிற்சியை அற்புதம் எனல் பொருந்துமா என்பது என் ஐயம்.

நம் நாட்டிலும் பள்ளிப் பாதுகாப்பிற்கான வழிகாட்டு நெறிகளைத் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016இல் வெளியிட்டது. ஒவ்வொரு பள்ளிக்கும் தனித் திட்டம் வேண்டும் என அது வற்புறுத்துகிறது. வருங்கால ஆசிரியர்களாகிய நம் மாணவர்கள் அத்திட்டத்தைக் கையில் ஏந்தி, அதிலுள்ள ஒவ்வோர் இடப்பெயரையும் நடந்து சென்று காண்பாராயின் நன்று. பள்ளி வாயிலிலிருந்து எத்தனை நிமிடம், முதல் வகுப்புக் குழந்தையின் நடைக்கு எத்தனை நிமிடம், பூட்டிய கதவு இடையில் உண்டா, திறவுகோல் யாரிடம் எனக் குறித்து வரலாம். ஒரு பிற்பகல் போதும்.

ஒகாவா பள்ளியின் சிதைந்த கட்டடம் இன்று நினைவிடமாகப் பேணப்படுகிறது. பிள்ளைகளை இழந்த பெற்றோர் சிலர் வருவோர்க்கு அதனைச் சுற்றிக் காட்டுகின்றனர். பின்புறக் குன்றின் சரிவில் நீர் எட்டிய உயரத்தை ஒரு பலகை குறிக்கிறது. அப்பலகையைக் கடந்து மேலே ஏற, திடலிலிருந்து சில நிமிடங்களே ஆகின்றன.