சிறு படகுகளில் வழிகாட்டும் கருவிகள்: சார்ட்பிளாட்டரும் டேப்லெட்டும்

சார்ட்பிளாட்டர் என்பது, செயற்கைக்கோள் சமிக்ஞைகளைக் கொண்டு படகு இருக்கும் இடத்தைக் கணித்து, அதை மின்னணுக் கடல்வரைபடத்தின்மீது காட்டும் கருவியாகும். படகில் நிலையாகப் பொருத்தப்படும் இக்கருவியின் பணியை, உரிய செயலி நிறுவப்பட்ட டேப்லெட்டும் திறன்பேசியும் இன்று ஓரளவு செய்கின்றன. சிறு படகு வைத்திருப்போர் இவற்றுள் எதை நம்பிக் கடலுக்குச் செல்லலாம் என்பதைப் படகின் அமைப்பும் செல்லும் தொலைவும் தீர்மானிக்கின்றன.

தேவை

இந்தியா–இலங்கை கடல் எல்லை 1974, 1976 ஆகிய ஆண்டுகளின் ஒப்பந்தங்களால் வரையறுக்கப்பட்டது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கி.மீ. தொலைவே உள்ளது. 8 நாட் வேகத்தில் செல்லும் படகு அரை மணி நேரத்தில் 7 கி.மீ.க்கு மேல் கடந்துவிடும். எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரியாது. இரவில் நீரோட்டம் இழுத்துச் சென்றாலும் உடனே புலப்படாது. எல்லை தாண்டினால் கைதும் படகு பறிமுதலும் நேரலாம். எனவே, இருப்பிடம் அறிவது இப்பகுதி மீனவர்களுக்கு வாழ்வாதாரச் சிக்கலாகும்.

இணையம் தேவையா?

இருப்பிடம் அறிய இணையமோ கைபேசிக் கோபுரமோ தேவையில்லை. ஆனால் டேப்லெட்டில் வரைபடத்தைக் கரையிலேயே தரவிறக்கி வைக்காவிட்டால், நடுக்கடலில் வெற்றுத்திரையில் ஒரு புள்ளி மட்டுமே தெரியும். சில டேப்லெட்டுகளில், குறிப்பாக வைஃபை மட்டும் உள்ள ஐபேடுகளில், ஜி.பி.எஸ். ஏற்பியே இல்லை. வாங்குமுன் இதனைக் கேட்டறிய வேண்டும்.

ஒப்பீடு

நீர்: சார்ட்பிளாட்டர்கள் பல ஐ.பி.எக்ஸ்.7 தரத்தில், அதாவது 1 மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் தாங்கும்படி செய்யப்படுகின்றன. டேப்லெட்டுக்கு நீர்புகா உறை போட்டாலும், ஈரக்கையாலோ திரைமீது தெறித்த நீராலோ தொடுதிரை தாறுமாறாக இயங்கக்கூடும். பொத்தான்கள் உள்ள சார்ட்பிளாட்டரில் இச்சிக்கல் இல்லை.

வெயில்: கூரையில்லாத ஃபைபர் படகில் நண்பகல் வெயில் நேராகத் திரையில் விழும். டேப்லெட் திரை மங்கலாகத் தெரியும்; சூடேறினால் தானாகவே அணைந்துவிடவும் கூடும். ஐபேடை 35 பாகை செல்சியசு வெப்பநிலை வரையே பயன்படுத்துமாறு அதன் தயாரிப்பாளர் கூறுகிறார்.

மின்சாரம்: சார்ட்பிளாட்டர் படகின் 12 வோல்ட் மின்கலத்தில் இயங்கும். மின்கலம் செயலிழந்தால் அதுவும் நின்றுவிடும். டேப்லெட்டுக்குச் சொந்த மின்கலம் இருப்பதால் அவ்வேளையில் அதுவே கைகொடுக்கும்.

ஆழம்: எக்கோ சவுண்டருடன் இணைந்த சார்ட்பிளாட்டர், படகுக்கு அடியில் உள்ள ஆழத்தை அப்போதைக்கப்போது காட்டும். மணல் திட்டுகள் இடம் மாறும் பாக் நீரிணையில் இது பெரிதும் உதவும். டேப்லெட் தனியே காட்டுவது வரைபடத்தில் பதிவான பழைய ஆழத்தை மட்டுமே.

செலவு: கையிலுள்ள திறன்பேசிக்குச் செயலி மட்டும் போதும். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய மீனவ நண்பன் வகைச் செயலி, எல்லையை நெருங்கும்போது எச்சரிக்கை செய்கிறது.

எண்களில் கவனம்

இரு கருவிகளிலும் நிகழும் பொதுவான பிழை, அட்சரேகை, தீர்க்கரேகைகளைப் பதிவு செய்யும் முறையில் உள்ளது. 9 பாகை 10 நிமிடம் 30 விநாடி என்பது 9 பாகை 10.5 நிமிடத்திற்குச் சமம். அதை 10.30 நிமிடம் எனப் பதிந்தால் ஏறத்தாழ 370 மீட்டர் பிழை ஏற்படும். எல்லை அருகிலும் பாறை அருகிலும் இது சிறிய பிழையன்று.

எச்சரிக்கையும் உதவியும்

2017 இறுதியில் ஒக்கி புயல் வீசியபோது, ஆழ்கடலில் இருந்த மீனவர் பலருக்கு எச்சரிக்கை சென்றடையவில்லை. 2019இல் அறிமுகமான ஜெமினி கருவி, ககன் செயற்கைக்கோள் அமைப்பின் வழியாக வரும் வானிலைச் செய்திகளைப் புளூடூத் மூலம் திறன்பேசிக்கு அனுப்புகிறது. எனினும் அதன்வழி மீனவர் பதில் அனுப்ப இயலாது. சார்ட்பிளாட்டரோ டேப்லெட்டோ தாமாக உதவி கோரா, அதற்கு வி.எச்.எஃப். வானொலி (அவசர அலைவரிசை 16) தேவை.

எதைத் தேர்ந்தெடுப்பது?

கரை கண்ணுக்குத் தெரியும் தொலைவில், பகலில் மட்டும் செல்லும் வள்ளத்திற்கு, வரைபடம் தரவிறக்கிய திறன்பேசியும் நீர்புகா உறையும் போதுமானவை. இரவில் தங்கி மீன்பிடிப்போரும் எல்லையை ஒட்டிச் செல்வோரும் சார்ட்பிளாட்டரை முதன்மைக் கருவியாகவும் டேப்லெட்டை மாற்றுக் கருவியாகவும் கொள்வது நன்று. இரண்டும் நின்றுவிடும் நிலைக்கு ஒரு காந்தத் திசைகாட்டியும், துறைமுகம் உள்ள திசையைக் குறித்த தாளும் படகில் இருக்க வேண்டும்.