வீடு திரும்பினால் குணமாகிவிட்டதா?

1909-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர அறுவை மருத்துவர் ஜேம்ஸ் நிக்கோல் ஓர் அறிக்கை வெளியிட்டார். குழந்தைகளுக்குச் செய்யப்பட்ட 8,988 அறுவை சிகிச்சைகளின் கணக்கு அது. எல்லாமே வெளிநோயாளிகளாக வந்து, வார்டில் சேராமல் வீடு திரும்பிய குழந்தைகளுக்குச் செய்தவை. இன்று கண்புரை, ஹெர்னியா என்று காலையில் போய் மாலையில் வீடு திரும்பும் சிகிச்சைகளுக்கு முன்னோடி அவர். அவர் செய்த இன்னொரு ஏற்பாடு அதைவிடக் கவனிக்கத்தக்கது. செவிலியர்களை அந்தக் குழந்தைகளின் வீடுகளுக்கே அனுப்பிப் பார்த்துவரச் செய்தார்.

வாசல்வரை மட்டுமே மதிப்பெண்

மயக்கம் தெளிந்ததா என்று கண்டறிய 1970-ல் அன்டோனியோ அல்ட்ரெட்டே ஒரு மதிப்பெண் முறையைக் கொடுத்தார். கைகால் அசைவு, மூச்சு, ரத்த அழுத்தம், விழிப்பு, தோலின் நிறம் ஆகிய ஐந்துக்கும் தலா 2 மதிப்பெண். தோலின் நிறத்துக்குப் பதிலாக ரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவைப் பார்க்கும் வழக்கம் பின்னர் வந்தது. நோயாளியை வீட்டுக்கு அனுப்பலாமா என்பதற்குக் கனடாவின் டொரொன்டோவில் பிரான்சஸ் சங் இன்னொரு முறையை உருவாக்கினார். தள்ளாடாமல் நடக்கிறாரா, வாந்தி உண்டா, வலி தாங்கும் அளவில் இருக்கிறதா, ரத்தம் கசிகிறதா என்பவற்றை நாடித்துடிப்பு, ரத்த அழுத்தத்தோடு சேர்த்துப் பார்ப்பார்கள். பத்துக்கு 9 எடுத்தால், துணைக்கு ஒருவரோடு புறப்படலாம்.

இவை தேவையான கணக்குகள்தான். ஆனால் அன்றிரவு அவர் தூங்கினாரா, மறுநாள் சாப்பாடு இறங்கியதா என்பது இவற்றில் வராது.

நோயாளியிடமே கேட்பது

அந்தக் குறையைத் தீர்க்க முனைந்தவர் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகர மயக்கவியல் மருத்துவர் பால் மைல்ஸ். 2000-ல் அவர் குழு 40 கேள்விகள் கொண்ட படிவத்தை வெளியிட்டது. வலியில் இருப்பவர் நாற்பதுக்கும் பதில் சொல்வது சிரமம் அல்லவா? 2013-ல் அது 15 கேள்விகளாகச் சுருங்கியது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை, மொத்தம் 150. சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

கேள்விகள் எளிமையானவை. நன்றாகத் தூங்கினீர்களா? உணவை ருசித்துச் சாப்பிட முடிகிறதா? பிறர் உதவியின்றிக் கழிப்பறைக்குப் போய்வர முடிகிறதா? வழக்கமான வேலைகளைச் செய்ய முடிகிறதா? கவலையோ சோர்வோ மனதை அழுத்துகிறதா? தையல் நன்றாக ஆறியும் பயத்தில் படுத்தே கிடப்பவரை மருத்துவருக்கு அடையாளம் காட்டுபவை இத்தகைய கேள்விகளே. ஒரே ஒரு மொத்த எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. அறுவைக்கு முன்பு எடுத்த மதிப்பெண்ணோடு ஒப்பிட்டால்தான் அவர் எவ்வளவு தேறியிருக்கிறார் என்பது புரியும்.

ஸ்வீடனின் கைப்பேசிச் சோதனை

ஸ்வீடனில் நான்கு பகல்நேர அறுவை மையங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினர் 14 நாட்கள், தினமும் கைப்பேசிச் செயலியில் தங்கள் நிலையைப் பதிந்தனர். செவிலியரிடம் பேச வேண்டுமா என்ற கேள்வியும் அதில் இருந்தது. 2017-ல் வெளியான முடிவு: ஏழாம் நாளிலும் பதினான்காம் நாளிலும் செயலிப் பிரிவினர் மற்றவர்களைவிட நன்றாகத் தேறியிருந்தனர்.

நீங்கள் செய்யக்கூடியது

செயலி இல்லாவிட்டாலும் ஒரு நோட்டு போதும். வலி, தூக்கம், சாப்பாடு, நடை ஆகியவற்றுக்குத் தினமும் பத்துக்கு எத்தனை என்று எழுதுங்கள். முழு மயக்கம் கொடுத்திருந்தால் 24 மணி நேரம் வண்டி ஓட்டாதீர்கள். காய்ச்சல், காயத்தில் சீழ், நிற்காத ரத்தம், ஓயாத வாந்தி, சிறுநீர் பிரியாமை இருந்தால் மறுபரிசோதனை நாள்வரை பொறுக்காமல் மருத்துவமனைக்கு உடனே போன் செய்யுங்கள். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் போனில் நேரம் கடத்தாமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். எந்த எண்ணுக்கு, யாரிடம் பேசுவது என்பதை வீட்டுக்குக் கிளம்பும் முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.